பெரிக்கிலிருந்து மர்ரிஃபீல்ட் வரை: கல்கத்தா கோப்பை வாரம்

பிப்ரவரி 21, 2024, புதன் – பெரிக்

நியூகாஸிலைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் ரயிலின் வலப்பக்கம் கடல் வந்து சேர்ந்துகொள்கிறது. பிறகு ட்வீட் ஆறு, அதன் மேல் ராயல் பார்டர் பாலம். ராபர்ட் ஸ்டீஃபன்சன் கட்டியது, 28 வளைவுகள், 1850இல் திறந்தது. பாலத்தின் பெயரைக் கேட்டு ஆறுதான் எல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வடகரையில் இருக்கும் பெரிக் ஊரும் இங்கிலாந்தைச் சேர்ந்ததே. ஸ்காட்லாந்து தொடங்க இன்னும் ஐந்து கிலோமீட்டர் போக வேண்டும்.

இரண்டு நாடுகளுக்கும் நடுவில் 13 முறை கைமாறிய ஊர் இது என்பார்கள். 1482க்குப் பிறகு இங்கிலாந்திடமே தங்கிவிட்டது. ஆனால் பெரிக் ரேஞ்சர்ஸ் கால்பந்து அணியும், ஊரின் ரக்பி கிளப்பும் இன்றுவரை ஸ்காட்லாந்துப் போட்டிகளில்தான் ஆடுகின்றன. வரி ஒரு நாட்டுக்கு, ஆட்டம் இன்னொரு நாட்டில். எல்லைச் சண்டையைப் பற்றி எழுத வந்தவனுக்கு இதைவிட நல்ல முதல் ஊர் கிடைக்காது.

நான் வந்தது சனிக்கிழமை எடின்பரோவில் நடக்கும் ஸ்காட்லாந்து – இங்கிலாந்து ரக்பி ஆட்டத்துக்காக. உலகின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டமே இந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே, அதே எடின்பரோவில், 1871 மார்ச் 27இல் நடந்ததுதான். அன்று ஜெயித்தது ஸ்காட்லாந்து. இன்று இவர்கள் மோதிக்கொள்ளும் பரிசுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1870களில் கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி கிளப் நடத்தினார்கள். போலோவும் டென்னிஸும் ஆட்களை இழுத்துக்கொண்டதில் கிளப் கலைந்தது. வங்கியில் மீதமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்து 1878இல் இங்கிலாந்து ரக்பி யூனியனிடம் கொடுத்தார்கள். கைப்பிடிகளாக மூன்று நாகங்கள், மூடியின் மேல் ஒரு யானை. 1879 முதல் இரு நாடுகளும் அந்த வெள்ளிக்காக அடித்துக்கொள்கின்றன. அந்த ரூபாய்கள் யாருடைய உழைப்பில் வந்தவை என்பதை நான் மறந்துவிட்டு இங்கே வரவில்லை.

தங்கியிருக்கும் வீட்டில் மனைவி ஐமத்தைச் சேர்ந்தவர், அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம். கணவர் பெரிக்காரர். இரவு உணவுக்குப் பின் சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். அந்த அம்மா இளவயதில் இங்கிலாந்தின் தென்கோடியில் வேலை பார்த்தவர். ஸ்காட்லாந்து வங்கி அச்சடித்த பவுண்டு நோட்டைக் கடையில் நீட்டினால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களாம், சிலர் வாங்கவே மாட்டார்களாம். "நான் வேறு தேசத்திலிருந்து வந்திருந்தாலாவது பரவாயில்லை. ஒரே நாடு என்று அவர்களேதான் சொல்கிறார்கள்" என்றார். நாற்பது வருடம் கழித்தும் குரலில் சூடு ஆறவில்லை.

கணவருக்கு வேறு கதை. 2018 உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து குரோஷியாவிடம் தோற்ற மறுநாள், எடின்பரோவில் அவருடைய அலுவலகத்தில் இருவர் குரோஷியாச் சட்டை போட்டு வந்தார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

படுக்கப் போகும் முன் இதை எழுதுகிறேன். இரண்டையும் சமமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தின் மக்கள்தொகை ஸ்காட்லாந்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். பெரிய அண்டை நாட்டுக்காரன் வெறுப்பதில்லை, நீ இருப்பதையே மறந்துவிடுகிறான். சின்ன நாட்டுக்காரன் எதையும் மறப்பதில்லை. கடைக்காரர் நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும் மறதிதான். குரோஷியாச் சட்டை அதற்கான பதில்.

பிப்ரவரி 22, வியாழன் – மெல்ரோஸ்

பஸ்ஸில் ட்வீட் ஆற்றை ஒட்டியே மேற்கே வந்தேன். நாள் முழுக்க மழை. மெல்ரோஸ் மடாலயத்தின் இடிபாடுகளைக் குடைக்குள்ளிருந்து பார்த்தேன். பக்கத்திலேயே கிரீன்யார்ட்ஸ் மைதானம். ஒரு அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பி 1883இல் பிறந்தது இந்தப் புல்லில்தான். நெட் ஹெய்க் என்ற உள்ளூர் இறைச்சிக் கடைக்காரரின் யோசனை, கிளப்புக்குப் பணம் சேர்க்க. இன்று அது ஒலிம்பிக் வரை போய்விட்டது.

பஸ்ஸில் ஒரு பெரியவர் சொன்னது: இந்த ஊர்களில் நிஜமான பகை இங்கிலாந்தோடு இல்லை, பக்கத்து ஊரோடு. கலாஷீல்ஸ், ஹாயிக், செல்கர்க், கெல்சோ, ஜெட்பரோ, மெல்ரோஸ். எல்லாம் கூப்பிடு தூரம், எல்லாவற்றுக்கும் தனித்தனி ரக்பி கிளப். கலாஷீல்ஸ்காரன் ஹாயிக்காரனைப் பற்றிச் சொல்வதோடு ஒப்பிட்டால் இங்கிலாந்துக்காரனைப் பற்றிச் சொல்வது தாலாட்டு என்றார்.

பிப்ரவரி 23, வெள்ளி – ஹாயிக்

காலை முழுவதும் இந்த ஊரில் நடந்தேன். ஊர் நடுவில் குதிரை மேல் கொடியோடு ஒரு வாலிபன் சிலை. 1513இல் ஃப்ளாடன் போரில் ஸ்காட்லாந்து மன்னன் நான்காம் ஜேம்ஸும் அவனோடு பெரும் படையும் மாண்டுபோனார்கள். அடுத்த வருடம், ஊரில் வளர்ந்த ஆண்கள் அதிகம் மிஞ்சாத நிலையில், ஹாயிக் வாலிபர்கள் ஹார்ன்ஸ்ஹோல் என்ற இடத்தில் ஓர் ஆங்கிலேயப் படைப்பிரிவைத் தாக்கிக் கொடியைப் பிடுங்கி வந்தார்கள். 400 வருடம் கழித்து, 1914இல் இந்தச் சிலை. ஒவ்வொரு ஜூனிலும் குதிரைகளில் ஊர் எல்லையைச் சுற்றி வருகிறார்கள். எட்டிப் பார்த்தால் இங்கிலாந்து தெரியும் தூரம். ஐந்நூறு வருடத்து நினைவு.

இதே ஊர்ப் பையன்தான் டோனி ஸ்டேங்கர். 1990 மார்ச் 17ஐப் பற்றி இந்தப் பகுதியில் யாரிடம் பேசினாலும் முதலில் வரும் பெயர். அன்று எடின்பரோவின் மர்ரிஃபீல்ட் மைதானத்துக்கு ஸ்காட்லாந்து, இங்கிலாந்து இரு அணிகளும் அந்த வருடம் ஓர் ஆட்டமும் தோற்காமல் வந்திருந்தன. ஜெயிப்பவருக்குக் கல்கத்தா கோப்பை, பிரிட்டன், அயர்லாந்து அணிகளில் மற்ற மூன்றையும் வென்றால் வரும் டிரிப்பிள் கிரவுன், தொடரின் எல்லா ஆட்டங்களையும் வென்றால் வரும் கிராண்ட் ஸ்லாம் மூன்றும். பிரிட்டனின் தாட்சர் அரசு, ஆளுக்கு இவ்வளவு என்ற தலைவரியை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரு வருடம் முன்னதாகவே, 1989இல், ஸ்காட்லாந்தின் மேல் சுமத்தியிருந்தது. இங்கிலாந்துதான் ஜெயிக்கும் என்று பெரும்பாலானோர் எழுதியிருந்தார்கள். ஸ்காட்லாந்துக் கேப்டன் டேவிட் சோல் தன் ஆட்களை ஓடவிடாமல், அடி அடியாக நடத்தி மைதானத்துக்குள் கூட்டி வந்தார். அந்த நடையிலேயே கூட்டம் எழுந்துவிட்டது என்கிறார்கள். இரண்டாம் பாதியில் ஸ்டேங்கரின் டிரை, அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது. 13–7.

அன்று கூட்டத்திடம் இருந்தது அரசின் மேல் வந்த கோபம், நியாயமான கோபம். ஆனால் அன்று அதைச் சுமந்தது இங்கிலாந்துக் கேப்டன் வில் கார்லிங்கும் வெள்ளைச் சட்டை போட்ட மற்ற பதினான்கு பேரும். அவர்கள் யாரும் தலைவரி போட்டவர்கள் இல்லை. விளையாட்டுக்குள் அரசியல் வரக்கூடாது என்று சொல்லும் ஆள் நானில்லை. அது வரத்தான் செய்யும். வந்த பிறகு யார் மேல் விழுகிறது என்பதே என் கவலை.

மதியம் வில்டன் லாட்ஜ் பூங்காவில் பில் மெக்லாரனின் சிலை. 1923இல் ஹாயிக்கில் பிறந்தவர், கடைசிவரை இங்கேயே வாழ்ந்தவர், உள்ளூர்ப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர். பிபிசியில் 1953 முதல் 2002 வரை ரக்பி வர்ணனை. ஸ்காட்லாந்தின் மேல் அவருக்கு இருந்த பாசம் எல்லோருக்கும் தெரியும். வர்ணனையில் அது ஒரு சொட்டு சிந்தியதில்லை. எதிரணி ஆட்டக்காரனின் அழகான ஓட்டத்துக்கு அவர் குரல் அதே அளவு உயரும். கடைசியாக அவர் வர்ணித்த ஆட்டம் கார்டிஃபில், வேல்ஸும் ஸ்காட்லாந்தும். வேல்ஸ் கூட்டம் அவருக்காக எழுந்து பாடியது. குதிரை வீரன் சிலைக்கு ஒரு படம் எடுத்தேன், இதற்குப் பத்துப் படம் எடுத்திருப்பேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். 2014 செப்டம்பரில் தனிநாடு வேண்டுமா என்று ஸ்காட்லாந்து வாக்களித்தபோது, இந்த எல்லை மாவட்டத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். இங்கிலாந்தோடு ஐந்நூறு வருடக் கணக்கை வருடந்தோறும் குதிரையேறிப் படிக்கும் மக்கள் இவர்கள். சந்தை, வேலை, பெண் கொடுப்பது எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கமும் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கும் வேண்டும், உறவும் வேண்டும். எடின்பரோவிலோ லண்டனிலோ தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பக்கத்து நாட்டைத் திட்டுபவனுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பிப்ரவரி 24, சனி – மர்ரிஃபீல்ட்

இரவு பதினொன்று. தொண்டை கட்டிவிட்டது.

டிக்கெட் வாங்கித் தந்தவர் இங்கே இருபது வருடத்துக்கு மேல் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். அவரும், பதினாறு வயது மகனும், நானும் ஹேமார்க்கெட்டிலிருந்து நடந்தே போனோம். ரோடு முழுக்க ஆள். கில்ட் கட்டியவர்களுக்கு நடுவில் வெள்ளைச் சட்டைகள், ஒரே கடை வரிசையில் நின்று ஒரே பீரை வாங்குகிறார்கள். ரக்பியில் எதிரணி ரசிகர்களைத் தனி அடைப்பில் உட்கார வைப்பதில்லை. கிடைத்த இருக்கையில் யாரும் யாருக்குப் பக்கத்திலும் உட்காரலாம். 67,000 பேர், நடுவில் வேலி கிடையாது. கால்பந்து மைதானங்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

எங்களுக்கு இடப்பக்கம் யார்க்ஷயரிலிருந்து வந்த ஓர் அப்பாவும் மகளும். பெண்ணுக்குப் பத்து வயதிருக்கும், கன்னத்தில் இங்கிலாந்து அணியின் சின்னமான சிவப்பு ரோஜா வரைந்திருந்தாள்.

இங்கிலாந்தின் தேசிய கீதம் தொடங்கியது. எங்கள் பகுதியில் சிலர் ஊளையிட்டார்கள். அதில் ஒரு குரல் என் காதருகே. அண்ணன் மகன். வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, நரம்பு புடைக்க. அந்தச் சிறுமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அவன் தோளில் கை வைத்தார். "நிப்பாட்டு." ஒரு சொல்தான். பையன் நிறுத்திவிட்டான், ஆனால் முகம் சிவந்துவிட்டது. அடுத்து ஸ்காட்லாந்துப் பாட்டு வந்தபோது அவன் வாயே திறக்கவில்லை.

ஆட்டம் நாலே முக்காலுக்கு. ஆரம்பத்திலேயே ஜார்ஜ் ஃபர்பாங்க் டிரை போட்டார், இங்கிலாந்து 10–0 முன்னே. யார்க்ஷயர்க்காரர் எழுந்து நின்று கத்தினார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஸ்காட்லாந்தின் டூஹான் வான் டெர் மெர்வ என்ற மலை நகரத் தொடங்கியது. முதல் டிரை. அப்புறம் இங்கிலாந்து கைதவறிய பந்து ஸ்காட்லாந்திடம் வந்து, அவர் கைக்குப் போனதும் பாதி மைதானத்துக்கு மேல் ஓடினார். அந்த ஓட்டத்தில் நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. இடைவேளையில் 17–13. திரும்பி வந்ததும் ஃபின் ரஸ்ஸல் குறுக்கே உதைத்த பந்தை ஓரத்தில் பிடித்து மூன்றாவது. கல்கத்தா கோப்பையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஒரே ஆட்டத்தில் மூன்று டிரை போட்டது இதுவே முதல் முறை. முடிவு 30–21. தொடர்ந்து நான்காவது வருடமாக ஸ்காட்லாந்து. 1972க்குப் பிறகு இப்படி நடக்கவில்லை.

வான் டெர் மெர்வ தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 2017இல் எடின்பரோ கிளப்புக்கு வந்து, மூன்று வருடம் வசித்த தகுதியில் ஸ்காட்லாந்துக்கு ஆடுகிறார். கடைசி நேரத்தில் இங்கிலாந்துக்கு டிரை போட்ட இம்மானுவல் ஃபெயி-வபோசோ வேல்ஸின் கார்டிஃபில் பிறந்தவர். வெளியே வரும்போது அண்ணன் சொன்னார்: "பாத்தியா தம்பி, அவன் ஓடேக்கை முழுச் சனமும் எழும்பி நிண்டது. எங்கை பிறந்தனி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

பையன் முதல் முறையாக வாய் திறந்தான். "பந்தை விட்டிருந்தால் கேட்டிருப்பார்கள், அப்பா."

பிப்ரவரி 25, ஞாயிறு – எடின்பரோ

பிரின்சஸ் தெருவில் நேற்றைய இரவின் மிச்சங்களைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1988இல் ஆட்டம் முடிந்த இரவு இதே தெருவில்தான் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் கல்கத்தா கோப்பையைத் தூக்கிவந்து பந்தாக உதைத்து நசுக்கிவிட்டார்கள். ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடை, ரிச்சர்ட்ஸுக்கு ஓர் ஆட்டம். கோப்பை பாழானதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பகலில் மூக்கை உடைத்துக்கொண்ட இருவர் இரவில் சேர்ந்தேதான் அந்தக் கோப்பையைக் கெடுத்தார்கள்.

மைதானத்தில் ஆடுபவர்களுக்கு இது எளிது. எண்பது நிமிடம் ஒருவன் மேல் ஒருவன் விழுந்து எழுந்தவர்களுக்கு எதிரியின் முகம் தெரியும். ரசிகனுக்கு அது தெரிவதில்லை. 2018இல் ஸ்காட்லாந்து இங்கே 25–13 என்று ஜெயித்த மறுநாள், இங்கிலாந்தின் பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் ரயிலில் மான்செஸ்டருக்குப் போனார். ஸ்டேஷனுக்கு வெளியே சேர்ந்து படம் எடுக்கக் கேட்டு நெருங்கியவர்கள் அவரைத் திட்டி, நெருக்கித் தள்ளினார்கள். இனிமேல் பொது வண்டியில் ஏறமாட்டேன் என்றார் அவர். ஜோன்ஸ் ஆஸ்திரேலியர், அம்மா ஜப்பானிய வம்சம். இங்கிலாந்துக்காரரே இல்லை! ஸ்காட்லாந்து ஜெயித்த மறுநாளில் யாருக்கு என்ன பழி தீர்க்க இருந்தது? அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாலை அண்ணன் வீட்டில் புட்டும் மீன் குழம்பும். பையன் நேற்றுக் கத்தியதைப் பற்றி நான் எடுக்கவில்லை. அவனே வந்து உட்கார்ந்தான். பள்ளியில் சிலர், நீ நிஜமான ஸ்காட்லாந்துக்காரன் இல்லை என்பார்களாம். ஆட்ட நாளில் மட்டும் யாரும் சொல்வதில்லை. "எல்லோரும் கத்தும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் என்னைத்தானே பார்ப்பார்கள், அங்கிள்?"

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. இங்கே பிறந்து, இங்கத்திய உச்சரிப்பில் பேசி, இங்கத்திய மழையில் பள்ளி மைதானத்தில் புரண்ட பிள்ளை. இந்த மண்ணுக்குத் தான் சொந்தம் என்று காட்ட, பக்கத்து நாட்டை இகழ்வதுதான் மலிவான வழி என்று யாரோ அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவனிடம் அதைக் கேட்பவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். அதையே சொன்னேன். அந்தச் சிறுமி திரும்பிப் பார்த்ததையும் சொன்னேன். "தெரியும்" என்றான். அதற்குமேல் அவனை நெருக்கவில்லை.

பிப்ரவரி 26, திங்கள் – தெற்கே போகும் ரயிலில்

எதிர் இருக்கையில் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஒரு விவசாயி, ஞாயிறும் தங்கிவிட்டுத் திரும்புகிறார். தோற்றதில் வருத்தம்தான், ஆனால் பேச ஆசை. எங்கள் பக்கத்துக்கு வேல்ஸ்தான் அண்டை நாடு, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பகை அதுதான் என்றார். செவர்ன் பாலத்தில் வேல்ஸுக்குள் போகும் திசைக்கு மட்டும் சுங்கம் வாங்கியதும், 2018 டிசம்பரில் அதை எடுத்ததும் வரை எல்லாம் சொன்னார். கேப்பல் கெலின் என்ற வேல்ஸ் கிராமத்தை லிவர்பூலின் தண்ணீருக்காக 1965இல் மூழ்கடித்ததை நான் எடுத்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "அவர்கள் கத்தட்டும். அந்தக் கிராமம் எங்கள் பள்ளிப் பாடத்தில் இல்லை" என்றார். இந்த வாரம் ஓர் இங்கிலாந்து ரசிகரிடம் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இது.

அவருடைய நாயகன் ஜான் புல்லின். அவரும் அந்தப் பகுதி விவசாயிதான், 1973இல் இங்கிலாந்துக் கேப்டன். 1972இல் வட அயர்லாந்தின் டெர்ரியில் பிரிட்டிஷ் படை மக்களைச் சுட்டது, அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகம் எரிந்தது. அந்த வருடம் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு ஆட வரவில்லை. அடுத்த வருடம் இங்கிலாந்து போனது. அதன் மேல்தான் எல்லாப் பழியும், அதுதான் போனது. லான்ஸ்டவுன் ரோடு மைதானம் அவர்களுக்காக நிமிடக்கணக்கில் எழுந்து நின்று கைதட்டியது. அயர்லாந்து 18–9 ஜெயித்தது. இரவு விருந்தில் புல்லின், "நாங்கள் அவ்வளவு நல்ல அணி இல்லைதான், ஆனால் வரவாவது செய்கிறோம்" என்றார். சேப்பாக்கம் 1999இல் பாகிஸ்தானுக்கு எழுந்து நின்றதை நான் அவருக்குச் சொன்னேன். இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்.

மார்ச் 9 அன்று லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தும் அயர்லாந்தும். அண்ணனுடைய தங்கை குடும்பம் லண்டனில்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளைச் சட்டைக்காரர்கள். நியூகாஸில் தாண்டும்போது பையனுக்குச் செய்தி அனுப்பினேன்: அத்தை வீட்டுக்கு வா, மச்சான்மாரோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்போம், நானும் வருகிறேன்.

யார்க் வருவதற்குள் பதில். வருகிறானாம். அயர்லாந்தின் பச்சைச் சட்டை ஒன்று வாங்கப்போகிறானாம். கீதம் பாடும்போது எழுந்து நிற்பானாம், ஆனால் பாடமாட்டானாம்.